மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

பாக்கெட்டுல கத்தி வச்சிருக்கேன்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு விதமாப் பார்ப்பாங்க. ஒண்ணு, ஆளு ரவுடியோ? இன்னொண்ணு, மாம்பழம் நறுக்கவா தம்பி? ரெண்டாவது கேள்விக்கு என் பதில், ஆமாங்க, மாம்பழம் நறுக்கத்தான். கூடவே உரமூட்டை வாய் பிரிக்க, கயிறு அறுக்க, வாழைநார் கிழிக்க, ஓஸ் பைப்பு நுனியை நறுக்க, கொரியர்ல வந்த பெட்டியைத் திறக்க. அப்புறம் செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஏறின சீமைக்கருவேல முள்ளை நோண்டி எடுக்க. தேவகோட்டைப் பக்கம் வயக்காட்டுலயும் கண்மாய்க்கரையிலயும் நடந்தவங்களுக்கு இந்தக் கடைசி வேலையோட அருமை சொல்லாமலே புரியும்.

இந்தக் கத்திக்கு ஊருக்கு ஊர் ஒரு பேர். நாம பேனாக்கத்தின்னும் மடக்குக் கத்தின்னும் சொல்றதை யாழ்ப்பாணத்து நண்பர்கள் வில்லுக்கத்தின்னு சொல்வாங்க. எனக்கு அந்தப் பேர்தான் ரொம்பப் பிடிக்கும். உள்ள இருக்கிற வில்லுதான் அந்தக் கத்தியோட உயிரே.

"தினமும் போட்டு அடிக்கணும், விலையும் கம்மியா இருக்கணும், எதை வாங்கலாம்?" இதான் எல்லாரும் கேக்குற கேள்வி. கேட்டவங்க கையோட ஒரு படமும் காட்டுவாங்க. கறுப்புப் பூச்சு, முதுகுல ரம்பப்பல்லு, கண்ணாடி உடைக்க ஒரு மூக்கு, பாட்டில் திறக்க ஒரு கொக்கி, விலை நானூத்துச் சொச்சம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-) பாக்குறதுக்கு முரடா இருக்கிற மலிவுக் கத்திதான் முரட்டு வேலைக்கு லாயக்கே இல்லாத கத்தி.

ஏன்னு கேட்டீங்கன்னா, மடக்குக் கத்தின்னாலே நடுவுல ஒடிஞ்ச கத்திதான். தகடு மொத்தமும் நாலு மில்லிமீட்டர்கூட இருக்காத ஒரு ஆணியில தொங்குது. அதை வச்சு டப்பா மூடியை நெம்புறப்ப பாரம் முழுக்க அந்த ஆணி மேலதான் விழும். நாலு தடவை நெம்பினா ஆட்டம் குடுக்கும், பத்தாவது தடவை பூட்டு வழுக்கும். வழுக்கினா தகடு மடங்கி வர்ற பாதையில இருக்கிறது உங்க விரல்தான். அதனால காசு குறைவா இருந்தா, பல்லு, கொக்கி, பூச்சுன்னு பிரிச்சுச் செலவாகாம ஆணிக்கும் பூட்டுக்கும் தகட்டுக்கும் மட்டும் போன கத்தியாப் பாத்து எடுங்க. அந்த மாதிரிக் கத்தி பார்வைக்குச் சப்புன்னுதான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டுமே.

உதாரணத்துக்கு பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல். சவாய் மலைப்பகுதியில ஜோசப் ஒப்பினெல்ங்கிறவர் 1890-ல ஆரம்பிச்சது. குடியானவங்க பாக்கெட்டுக்குன்னு செஞ்ச கத்தி. ஒரு மரப்பிடி, ஒரு தகடு, ஒரு ஆணி, கழுத்துல ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்தைத் திருப்பினா தகடு பூட்டிக்கும், அது 1955-ல சேர்த்தது. எட்டாம் நம்பர்தான் பரவலா ஓடுறது, தகடு எட்டரை சென்டிமீட்டர். அதுல ஒரு குறையும் உண்டு. மழைக்காலத்துல மரப்பிடி ஈரத்தைக் குடிச்சு உப்பிடும், தகடு வெளிய வர அடம்பிடிக்கும். நம்ம ஐப்பசி மழைக்கு அது நிச்சயம் நடக்கும். பிடியோட பின்பக்கத்தைக் கட்டையில லேசாத் தட்டினா தகடு எட்டிப் பார்க்கும், அதைப் பிடிச்சு இழுத்துக்கலாம். கருப்பு எஃகு, துருப்பிடிக்காத எஃகுன்னு ரெண்டு வகையா வருது. வியர்வைக் கையோட வெயில்ல அலையறவங்களுக்கு ரெண்டாவதுதான் தோது. கருப்பு எஃகை மாங்காய் நறுக்கிட்டுத் துடைக்காம மடக்கி வச்சா சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும். கறுக்கிறதால கத்திக்கு ஒண்ணும் ஆகாது, செவப்பாத் துரு பிடிக்க விட்டுடாதீங்க. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இன்னொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச சுவிஸ் கத்தி. கார்ல் எல்சனர் 1884-ல பட்டறை போட்டார், அந்தச் செவப்புக் கத்திக்கு 1897-ல காப்புரிமை. அதோட எஃகு ராக்வெல் அளவுல சுமார் 56. அதைவிடக் கெட்டியா 60-க்கு மேல போற கத்திகள் எத்தனையோ இருக்கு. கெட்டி கூடக்கூட மொக்கையாக நாளாகும், ஆனா கூர்மை போனா திரும்பத் தீட்டுறதுக்குள்ள தாவு தீந்துடும், விளிம்பு சில்லுச் சில்லாத் தெறிக்கவும் செய்யும். 56-ன்னா வீட்டுக் கல்லுல அஞ்சு நிமிஷம். தினமும் உழைக்கிற கத்திக்கு இதான் சரின்னு நான் நினைக்கிறேன். ஆனா ஒண்ணு, அந்தச் சின்ன மாடல்கள்ல பூட்டு கிடையாது, வில்லு மட்டும்தான். குத்துற வேலை எதுவும் வச்சுக்காதீங்க.

இதெல்லாம் பட்ஜெட்டுக்கு மேலயா? இருக்கலாம். அப்ப பாத்திரக்கடையிலயோ சந்தையிலயோ பேர் இல்லாத கத்தியை வாங்குங்க, தப்பே இல்ல. வாங்குறப்ப செய்ய வேண்டியது மூணே விஷயம். தகட்டைத் திறந்து இடம் வலமா ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. பூட்டு இருக்கிற கத்தின்னா, விரலை ஒதுக்கி வச்சுக்கிட்டு முதுகுப்பக்கத்தை மேசை விளிம்புல லேசா ஒரு தட்டு. மடங்கிச்சுன்னா அது கத்தி இல்ல, எலிப்பொறி. கடைசியா, கடைக்காரர் விட்டா, பிடிக்குப் பக்கத்து விளிம்புல ஒரு சின்ன அரத்தை மெல்ல வச்சு இழுங்க. அரம் வெண்ணெயில போற மாதிரிக் கடிச்சா எஃகு பச்சை. வழுக்கினா தோய்ச்சல் நல்லாப் புடிச்சிருக்கு. 'ஸ்டெயின்லெஸ்'னு மட்டும் அடிச்சிருந்தா அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. தட்டு, டம்ளர்கூட ஸ்டெயின்லெஸ்தான்.

'டமாஸ்கஸ்'னு அலை அலையாக் கோலம் போட்டு விக்கிறாங்களே, அதைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய டமாஸ்கஸ் வாளுக்கு எஃகு போனதே தென்னிந்தியாவுல இருந்துதான். மூசையில உருக்கின எஃகு அது. கொடுமணல் மாதிரி இடங்கள்ல இரும்பு, எஃகு வேலை நடந்த தடயங்களைத் தோண்டி எடுத்திருக்காங்க. இப்ப அந்தப் பேர்ல வர்றது ரெண்டு எஃகை அடுக்கி அடிச்சது. மலிவா வர்றதுல சிலது வெறும் அமிலத்தால வரைஞ்ச படம். நம்ம சரக்கோட பேரை வச்சு நமக்கே படம் காட்டுறாங்க.

சரி, இப்ப நான் நிஜமா சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். வேலை நிஜமாவே முரடுன்னா, அதாவது ஆட்டுக்குக் குழை வெட்டணும், முள்ளு கழிக்கணும், கட்டைச் சீவணும்னா மடக்குற கத்தியே வேண்டாங்க. நேரா பட்டறைக்குப் போங்க.

நம்ம சிவகங்கை மாவட்டத்துலதான் திருப்பாச்சேத்தி இருக்கு. காளையார்கோவில், சிவகங்கை, மானாமதுரைன்னு போனா அங்கிருந்து மதுரை ரோட்டுல கொஞ்ச தூரம். ஊர்ப் பேரைச் சொன்னதும் எல்லாருக்கும் அரிவாள் ஞாபகம் வரும், 2005-ல வந்த விஜய் படம் ஞாபகம் வரும், அதோட வெட்டு குத்தும் ஞாபகம் வரும். அந்த அரிவாள் என்னவோ தேங்காய் வெட்டவும் கருவேலம் கழிக்கவும் வீட்டுக்கு வீடு இருந்தது. சாமிக்கு நேர்ந்துக்கிட்டுக் கோயில்ல சாத்துறவங்களும் உண்டு. சினிமா அதை ஒரே ஒரு வேலைக்குன்னு ஆக்கி வச்சிருச்சு.

அங்க மட்டும் இல்ல, நம்ம சுத்துப்பட்டுலயும் கொல்லுப்பட்டறைகள் இன்னும் இருக்கு. லாரிக்கு அடியில பாரம் தாங்க அடுக்கியிருக்குமே, அந்தப் பட்டைதான் மூலப்பொருள். அதுல கரி கிட்டத்தட்ட அரை சதவீதம், கொஞ்சம் கூட இருக்கலாம். ஆயிரம் குழியில இறங்கி ஏறியும் ஒடியாம வளைஞ்சு கொடுக்கிறதுக்குன்னே செஞ்ச எஃகு. அதை உலையில செவக்கக் காய்ச்சி அடிச்சு, விளிம்பைத் தோய்ச்சுக் கெட்டியாக்கி, அப்புறம் லேசாத் திரும்பச் சூடு காட்டி முறுக்கைக் குறைக்கிறாங்க. தோய்ச்சதோட விட்டா கண்ணாடி மாதிரித் தெறிச்சுடும். ரொம்பச் சூடு காட்டினா பச்சையாயிடும். நிறத்தைப் பார்த்துக் கண்ணாலயே இடம் கண்டுபிடிக்கணும். எஃகோட நம்பரை வச்சு மணிக்கணக்கா விவாதம் பண்றோமே, அந்த நம்பரைவிட இந்தச் சில நொடிதான் கத்தியைத் தீர்மானிக்குது.

அவங்ககிட்ட போய், "அண்ணே, நாலு அங்குலத்துல ஒரு கத்தி, வால் பிடிக்குள்ள முழுசா போகணும், முதுகு மூணு மில்லி போதும், விளிம்பு மெல்லிசா வரட்டும்"னு சொல்லுங்க. இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். அரிவாள் அடிச்சுப் பழகின கை, சொல்லலைன்னா கத்தியையும் அரிவாள் கனத்துக்கு அடிச்சுடும். ஒரு தோலுறை தச்சு இடுப்புல மாட்டிக்கிட்டா ஆட ஆணியும் இல்ல, வழுக்கப் பூட்டும் இல்ல. ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு யோசிக்காம 'கார்ட்'ல போடுற நாம, பட்டறையில அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுறதுதான் எனக்கு உறுத்துது. எரியற கரிக்கும் சம்மட்டி அடிக்கிற ஆளுக்கும் அந்த விலைக்குள்ளதான் கூலி. அடுத்த தலைமுறை உலை பக்கம் வரமாட்டேங்குதுன்னு புலம்புறவங்களும் நாமதான்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு சாணைக்கல் வாங்கிடுங்க, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ். (சாணைக்கல்லுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1954-ல சென்னையில தொடங்கின கார்போரண்டம் யுனிவர்சல், பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்துக் குழுமம்தான்.) செங்குத்துல பாதி, அதுல பாதி, அதுக்கும் கொஞ்சம் கீழ, அதான் கோணம். தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட அரிவாள்மனையையும் அரிவாளையும் தாராளமாக் கொடுங்க, மெல்லிசு மடக்குக் கத்தியைக் கொடுக்காதீங்க. அந்தச் சக்கரம் சுத்துற சூட்டுல விளிம்பு நீலமாச்சுன்னா தோய்ச்சல் போச்சு, அப்புறம் என்ன தீட்டினாலும் நிக்காது.

சட்டம் பத்திக் கேக்குறவங்களுக்கு. ஆயுத விதிகள் (1962-லயும் சரி, அதுக்குப் பதிலா வந்த 2016-லயும் சரி) ஆயுதம்னு வகைப்படுத்துறது ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற கத்திகளை. அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் இதுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு. நம்ம மூணு அங்குலம் அதுல வராது. அதுக்காகத் திருவிழாக் கூட்டத்துல பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நின்னு போலீஸ்காரர்கிட்ட விதி எண் ஒப்பிக்காதீங்க. வீட்டுல வச்சுட்டுப் போங்க.

டிஸ்கி: மதுரையில விமானம் ஏறுறவங்க வீட்டுலயே பாக்கெட்டை ஒரு தடவை தடவிப் பாத்துக்கங்க. கைப்பையில கத்தி போகாது, சரக்குல போடுற பெட்டியிலதான் வைக்கணும். 2001 செப்டம்பருக்கு அப்புறம் விமான நிலையக் கடைகள்ல கத்தி விக்கிறது நின்னுபோய் அந்தச் சுவிஸ்காரங்க வியாபாரமே ஆட்டம் கண்டுச்சு. கைக்கடிகாரமும் பெட்டியும் வித்துத்தான் சமாளிச்சாங்க.