தண்ணீர் விரதம் யாருக்காக?

சமயபுரத்து மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது நம் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வாழத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்கிறார்கள். அந்த நாட்களில் அம்மனுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு இவைதான். கவனியுங்கள்: விரதம் இருக்கும் அம்மனுக்குக்கூட இளநீர் உண்டு, நீர்மோர் உண்டு!

நாம் சொல்ல வந்தது வேறொரு விரதம். அது 28 நாளில் முடிவதில்லை. மண்ணச்சநல்லூர், லால்குடி வட்டாரத்தில் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணைக் கேளுங்கள். அரிசி ஆலைக் களத்தில் கொளுத்தும் வெயிலில் நெல்லைக் கிளறிவிடும் பெண்ணைக் கேளுங்கள். "காலையிலிருந்து எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாய், அம்மா?" என்று கேளுங்கள். வாயை நனைத்துக் கொண்டேன் என்பாள். ஏன்? தாகம் இல்லையா? உண்டு. குடித்தால் ஒதுங்க வேண்டும்; ஒதுங்க இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

விடியுமுன் இருட்டில் ஒருதரம், பொழுது சாய்ந்து இருட்டியபின் ஒருதரம். இடையில் உள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அடக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறாள். ஆண்பிள்ளைக்கு வரப்போரம் போதும், மில் சுவர் போதும், புளியமரம் போதும். பெண்ணுக்கு?

இந்தப் பெண்ணிடம்தான் வந்து உபதேசம் செய்கிறார்கள். "தாய்மார்களே! தினம் இருவேளை குளியுங்கள், எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், மாதவிலக்கு நாளில் ஆறு மணிக்கு ஒருதரம் துணி மாற்றுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள்!" நல்ல உபதேசம். ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் இதைச் சொல்லுகிற கனவான்களைக் கேட்கிறோம்: எங்கே மாற்றுவது? எந்தத் தண்ணீரில் கழுவுவது? மேஸ்திரி எத்தனை நிமிஷம் விடுவான்? சுத்தம் சோறு போடும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சோறு விளைவிக்கிறவளுக்குச் சுத்தத்தை யார் போடுவது?

திருவிழாக் காலத்தில் சமயபுரம் பாதையில் நடந்து போகும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் புடவை, இடுப்பில் குழந்தை, கொப்புளம் கண்ட கால். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், அன்னதானப் பந்தல். தர்மம் செய்கிறவர்களை நாம் குறை சொல்லவில்லை; வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் குடித்த மோர் எங்கே போகும் என்று யோசித்துப் பந்தலுக்குப் பின்னால் நாலு தட்டி மறைப்பும் ஒரு பீப்பாய் தண்ணீரும் வைத்த தர்மவான்கள் எத்தனை பேர்?

உடம்பு என்ன சொல்கிறது?

வெட்கப்படாமல் பேசுவோம். பெண்ணின் மூத்திரக் குழாய் மிகக் குட்டையானது. சுமார் ஒன்றரை அங்குலம்தான். ஆணுக்கோ ஏழெட்டு அங்குலம். அதனால் வெளியில் உள்ள கிருமி பெண்ணுக்குச் சீக்கிரம் மேலே ஏறிவிடும். அதை அவ்வப்போது அடித்துக் கீழே தள்ளுவது எது? ஓடுகிற மூத்திரம்தான். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டால் கிருமி அங்கேயே குடித்தனம் செய்கிறது. எரிச்சல், கடுப்பு, அடிவயிற்று வலி, பிறகு காய்ச்சல், குளிர். நீர்ச்சுருக்கு என்று சொல்லி வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறாள். முற்றினால் சிறுநீரகத்துக்கே போகும். கர்ப்பிணியாக இருந்தால் கேடு இரண்டு உயிருக்கு. மாதம் நிறையுமுன் பிரசவம், எடை குறைந்த பிள்ளை. அப்புறம் மாமியார் சொல்லுவாள், "இவள் ராசி அப்படி" என்று. ராசியல்ல, தாயே. கழிப்பிடம் இல்லை!

தாங்களே செய்யக்கூடியவை சிலவும் உண்டு. முன்னாலிருந்து பின்னாகக் கழுவுங்கள். பின்னாலிருந்து முன்னே வேண்டாம். மாதவிலக்குத் துணியை நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். பாவாடைக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு காயவைத்தால் அதிலே கிருமி வளரும். அது திருட்டுச் சாமான் அல்ல, ஒளித்து வைக்க. துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, அரிப்பு இருந்தாலோ, மூத்திரத்தில் ரத்தம் கண்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், நர்சம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தச் சோகைக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச் சோகை இருக்கிறது. பாதிக்கு மேல்! இதையும் சோம்பல் என்றுதான் பண்ணைக்காரர் சொல்லுகிறார்.

மாதவிலக்கு விஷயத்தில் சர்க்கார் செய்த கூத்து ஒன்றை மறக்க முடியாது. 2017 ஜூலை 1ம் தேதி சரக்கு சேவை வரி வந்தது. குங்குமத்துக்கு வரியில்லை, பொட்டுக்கு வரியில்லை, கண்ணாடி வளையலுக்கு வரியில்லை. நாப்கினுக்கோ நூற்றுக்கு 12 ரூபாய் வரி! பெண் அலங்காரமாக இருக்கலாம், ஆரோக்கியமாக இருந்தால் கப்பம் கட்ட வேண்டும். நாடெங்கும் பெண்கள் கண்டித்த பிறகு 2018 ஜூலையில் எடுத்தார்கள். கோவையில் கைத்தறி நெசவாளியின் மகன் அருணாசலம் முருகானந்தம் மலிவாக நாப்கின் செய்யும் சிறு யந்திரம் ஒன்றைச் செய்தார். முதலில் பைத்தியம் என்றார்கள்; 2016ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் கிராமத்துப் பெண் குழந்தைகளுக்கு இலவச நாப்கின் திட்டமும் 2011ல் அறிவிக்கப்பட்டது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் கையில் நாப்கின் இருந்தும் மாற்ற நாலு சுவர் இல்லாவிட்டால் அது மடியிலேயே கிடக்கும்.

மில்லுக்குள்ளே மாத்திரை

மில்லில் சுவர் இருக்கிறதே என்று கேட்கலாம். சுவர் இருக்கிறது, நேரம் இல்லை. யந்திரத்தை விட்டு நகர்ந்தால் உற்பத்தி குறையும், சூப்பர்வைசர் கத்துவான். 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி ஸ்தாபனம் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் நூறு பெண்களைக் கண்டு பேசி எழுதியது. மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கவில்லை, மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. விழுங்கு, போய் நில்! டாக்டர்கள் பார்த்துச் சொன்னார்கள்: இபுபுரூபன் போன்ற வலி மாத்திரை, வலிக்கு உதவும், அடிக்கடி விழுங்கினால் கெடுதல். அந்த ஜாதி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். தண்ணீரை ஒரு பக்கம் நிறுத்தி, மாத்திரையை மறுபக்கம் திணித்தால் அந்த உடம்பு எத்தனை வருஷம் தாங்கும்?

இன்னும் கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு ஜில்லா. மழையில்லாத பூமி. கரும்பு வெட்டப் புருஷனும் பெண்ஜாதியும் ஜோடியாகப் பல மாதம் வெளியூர் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று வந்த செய்தி 2019ல் நாட்டையே உலுக்கியது. மாதவிலக்கு வந்தால் வேலை கெடும், வேலை கெட்டால் அபராதம். ஆகவே கர்ப்பப்பையையே எடுத்துவிட்டுப் போ! அந்த ஜில்லாவில் மூன்று வருஷத்தில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று சுகாதார மந்திரியே சட்டமன்றத்தில் சொன்னார். அத்தனை பேரும் கரும்பு வெட்டுகிறவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முப்பது வயது நிரம்பாத கூலிப் பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு மறைப்பு, ஒரு குடம் தண்ணீர், மாதம் இரண்டு நாள் கூலியோடு லீவு: இது முதலாளிக்குச் செலவு என்கிறார்கள். கர்ப்பப்பை யாருடைய செலவு?

சட்டம் இல்லையா? 1948ம் வருஷத்துப் பாக்டரி சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம், கழுவுமிடம், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் என்றெல்லாம் எழுதியது. 25 பெண்களுக்கு ஒரு கக்கூஸ் என்று விதியும் வந்தது. 2025 நவம்பர் 21ம் தேதி அமலுக்கு வந்த புதுத் தொகுப்புச் சட்டத்திலும் கழிப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை! பாக்டரி சட்டம் மில் கேட்டோடு நின்றது; வரப்பில் அது கால் வைக்கவே இல்லை. 2005ம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம்கூட வேலை நடக்குமிடத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி என்று எழுதியது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மிச்சம் தெரியவில்லை.

ஜனங்களுக்குச் சுத்தமாக இருக்கத் தெரியாது, கட்டிக் கொடுத்தாலும் பாழாக்குவார்கள் என்று சிலர் சொல்வார்கள். திருச்சி டவுனுக்குப் போய்க் கல்மந்தையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஏழை ஜனங்கள் வாழும் அந்தக் குடிசைப் பகுதியில் பொதுக் கழிப்பிடத்தைப் பெண்கள் குழுவே ஏற்று நடத்தியது. 2002ல், திறந்த வெளியில் மலம் கழிக்காத முதல் குடிசைப் பகுதி என்று இந்தியாவிலேயே பெயர் வாங்கியது. சாவியைப் பெண் கையில் கொடுத்தால் சுத்தம் தானாக வந்தது.

கேட்டால் கிடைக்குமா என்கிறவர்கள் கோழிக்கோட்டைப் பாருங்கள். மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரைக் குறைத்தார்கள். தையல் வேலை செய்த விஜி என்ற பெண் 'பெண்கூட்டு' என்று சங்கம் சேர்த்தார். கழிப்பிடம் கேட்டு எழுந்த போராட்டம், உட்கார நாற்காலி கேட்டது. 2018ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021ல் தமிழ்நாட்டிலும் கடைத் தொழிலாளிக்கு உட்காரும் உரிமை வந்தது. தெப்பக்குளம் பக்கத்து ஜவுளிக்கடையில் நிற்கும் நம் பெண்ணுக்கு இன்று ஒரு முக்காலி கேட்க வாய் இருக்கிறது என்றால், அது கூட்டம் கூடிக் கேட்டவர்கள் வாங்கிக் கொடுத்த வாய்.

இனி ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கூலி, போனஸ், பஞ்சப்படி எல்லாம் எழுதி, கடைசியில் இடம் இருந்தால் 'பெண்களுக்குக் கழிப்பிடம்' என்று ஒரு வரி. பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த வரியைத்தான்! "இதையெல்லாம் எப்படி முதலாளியிடம் பேசுவது, கூச்சமாக இருக்கிறது" என்று சிலர் நெளிகிறார்கள். போலீஸ் தடிக்குப் பயப்படாதவர்களுக்கு இதில் என்ன கூச்சம்? கூச்சமாக இருந்தால் விலகுங்கள், பேசப் பெண் தோழர்கள் இருக்கிறார்கள்.

வருகிற சம்பா நடவுக்குக் கூலி பேச உட்காரும்போது, கூலிக்கு அடுத்த வரியாக இதை எழுதுங்கள்: நடவு வயல் ஒவ்வொன்றிலும் தூக்கிப் போகக்கூடிய தட்டி மறைப்பு ஒன்று, தண்ணீர், சோப்பு, பகலில் இரண்டு தரம், கால் மணி நேரம், கூலி பிடிக்காமல். பால் குடிக்கும் பிள்ளை உள்ளவளுக்கு அதற்குத் தனி நேரம். அரிசி ஆலைக் களத்தில் பூட்டுள்ள கழிப்பிடம், சாவி வேலை செய்யும் பெண்ணிடம். மில்லில் டாக்டர் சீட்டு இல்லாமல் யாரும் யாருக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வாங்கி விழுங்காமல் அட்டையோடு யூனியன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்.