திருவடி பெயர் தாங்கிய நீலப்பூ

மடத்துக்குளம் சூழ்ந்த கொங்கு மண்ணில், மழை பெய்த மானாவாரிக் காடுகளிலும் கோயில் வெளிகளிலும் தரையோடு ஒட்டிப் படர்வது விஷ்ணுகிராந்தி. 'விஷ்ணு அடியெடுத்து வைத்தது' என்பது பெயரின் பொருள். உலகளந்த திருவடியை நினைவூட்டும் திருநாமம். காலையில் விரியும் சிறு நீலப்பூ பிற்பகலில் குவிந்துவிடும்.

கேரளத்தில் இது தசபுஷ்பங்களுள் ஒன்று; திருவாதிரை நோன்பில் மகளிர் கூந்தலில் சூடுவர். இங்கோ, களையென்று கொத்தி எறிந்துவிட்டு, இதன் இனத்தைச் சேர்ந்த பிரேசில் நாட்டுச் செடியை விலைகொடுத்து வாங்கித் தோட்டத் தரையில் படரவிடுகின்றனர்.

திருப்பணியின்போது வெளிமுற்றம் முழுவதும் கல் பாவாமல், ஓரத்தில் சிறிது மண்ணை விட்டுவைத்தால் போதும்; அடுத்த மழைக்கு அது தானே தலைகாட்டும். பெருமாள் அளந்த மண்ணில் அவர் பெயர் தாங்கிய பூவுக்கும் ஓரடி இடம் வேண்டாமா?