குழந்தையும் மொழியும்

இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை தன்னைச் சூழ்ந்த மொழியைப் பாடமின்றியே உட்கொண்டு விடுகிறது என்பது, 1949-ல் அடையாற்றிலேயே வெளியான அவரது நூலின் கருத்து. பெரியோர் வருந்திப் பயில்வதைக் குழவி வாழ்ந்தே பெறுகிறது.

இதற்கு நெசவாளர் இல்லங்களே சான்று. மதுரையிலும் பரமக்குடியிலும் வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளரும் பிள்ளைகள், தெருவில் தமிழையும் பெறுகின்றனர். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை. இரு மொழிகளையும் நிறையப் பேசும் மாந்தர் அவர்களைச் சூழ்ந்திருப்பதே காரணம்.

ஆனால் இன்று பெற்றோர் சிலர், மூன்று வயதுக் குழந்தையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்ததோடு அமையாமல், வீட்டிலும் தமக்குச் சரளமாய் வராத ஆங்கிலத்திலேயே பேச முற்படுகின்றனர். அறிந்த நாலு சொற்களால் ஆங்கிலமும் வளராது. தாய்மொழிப் பேச்சும் குறைந்து போம்.

ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பாவு செம்மையாக இருந்தால்தான் ஊடை நன்கு அமையும். ஆகவே அங்கத்தினர்களே, தறியடியிலும் வயல்வரப்பிலும் குழந்தையோடு தாய்மொழியில் தாராளமாகப் பேசுங்கள், கதை கூறுங்கள், அதன் கேள்விகளுக்குச் சலியாது விடையளியுங்கள். இதற்குக் காசு செலவில்லை. பயனோ வாழ்நாள் முழுவதும் நிற்கும்.