தாழ்த்துவதா, திருத்துவதா?

யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்குத் தளை தட்டுவது இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. வெண்பாவின் நடுவில் ஒரு சீரை மட்டும் மாற்றினால், முன்னும் பின்னும் நிற்கும் சீர்களோடு அதற்குள்ள உறவும் மாறிவிடுகிறது. காரின் சஸ்பென்ஷனும் இத்தகைய கட்டமைப்புதான். ஆனால் நம் ஊர்களில் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கும் இளைஞர் பலர் முதலில் செய்வது, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது. அதற்குப் பணமில்லாதவர் பட்டறையில் ஒரு சுற்றை அறுத்துவிடச் சொல்கிறார். 'வளைவில் வண்டி சாயாது, ரோட்டைப் பிடித்துக்கொள்ளும்' என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். சாலையில் ஓடும் குடும்ப வண்டியைப் பொறுத்தவரை அந்த நியாயம் செல்லாது என்பதே நம் கருத்து.

கார் வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்கள் தாங்கிய எடையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பெயர்கிறது. எவ்வளவு பெயரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களின் இடைவெளி, திரும்பும் வேகத்தின் கடுமை ஆகியவை. ஸ்பிரிங்கின் விறைப்பு இந்தப் பட்டியலில் இல்லை. விறைப்பான ஸ்பிரிங் சாய்வைக் குறைக்கும்; பெயரும் மொத்த எடையை அநேகமாகக் குறைக்காது. அந்த எடையை முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் என்பதை மட்டுமே அது மாற்றும். முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வண்டி வளைவின் வெளிப்புறம் நோக்கி விலகும். பின்பக்கத்தை அளவு மீறி விறைப்பாக்கினால், மழை பெய்த சாலையில் வால் வழுக்கும்.

தாழ்த்தினால் ஈர்ப்பு மையமும் தாழுமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் ஸ்விஃப்ட் உள்ளிட்ட நம் சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. வண்டியைத் தாழ்த்தும்போது அதன் கீழ்க்கை மேல்நோக்கிச் சரிகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம், அதாவது சாய்க்கும் நெம்புகோலின் நீளம், கூடிவிடுகிறது. சாய்வைக் குறைக்கச் செய்த வேலை சாயும் விசைக்கே வலு சேர்க்கிறது. அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. இதனிடையே சக்கரம் மேலெழுவதற்கிருந்த இடமும் சுருங்கிவிடுவதால், வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஸ்ட்ரட் ரப்பர் தடுப்பில் போய் முட்டுகிறது.

அறுப்பது இதனினும் கேடு. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை நீக்கினால் எஞ்சிய ஐந்து சுற்றுகளின் விறைப்பு 20 விழுக்காடு கூடுகிறது. அந்தத் துள்ளலை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பரோ பழைய கணக்குக்கென்று செய்யப்பட்டது. அடங்காத சக்கரம் துள்ளுகிறது. தரையைத் தொடாத கணத்தில் அதற்கு பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். பின்னிருக்கையில் அமர்ந்து வரும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இது எதுவும் தெரிந்திருக்காது.

விறைப்பே திறமை என்ற எண்ணத்தை வரலாறும் ஆதரிக்கவில்லை. ரோல்ஸ்ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மோரிஸ் ஆலி, 1930-களில் முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக அசைய வேண்டும் என்று கண்டார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பிந்தி ஏறும் பின்பக்கம் சற்று விரைந்து அசைந்தால் இரண்டும் ஒத்திசைந்து, ஊஞ்சலாட்டம் அடங்கும். பந்தயக் கார்களால் புகழ்பெற்ற காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட எலான், கையாளுகைக்கு இன்றளவும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை. குறைந்த எடையும் செம்மையான ஷாக் அப்சார்பரும் அதற்குப் போதுமாயிருந்தன.

அப்படியானால் எங்கே தொடங்குவது? தரையிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே முறை. சாலையைத் தொடுபவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஆண்டுகள் பலவாகி இறுகிப்போன டயரோடு ஓடும் வண்டிக்கு வேறெந்தச் செலவும் வீண். அடுத்து ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும். இவை தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது. மூன்றாவது ஷாக் அப்சார்பர். பத்தாண்டு ஓடிய வண்டிக்கு நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு போட்டால் பலருக்கு அதற்கு மேல் ஆசையே எழாது. இன்னும் சாய்வு குறைய வேண்டுமானால் ஆன்ட்டி ரோல் பார். திண்மமான கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வதால், 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. கம்பி போட்டாலே விறைப்பு சுமார் 46 விழுக்காடு கூடும். நேர்ச்சாலையில் சொகுசு பெரும்பாலும் கெடாது. ஸ்பிரிங் கடைசி, அதுவும் அதற்கென்றே பொருத்தம் பார்த்த ஷாக் அப்சார்பரோடு சேர்த்து வாங்கினால் மட்டும்.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் பந்தய வண்டிகள் தாழ்ந்துதானே இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே தரை சமம், வேகத்தடை இல்லை, டயர் வேறு, ஓட்டத்துக்கு ஓட்டம் ஒவ்வோர் அளவையும் சரிபார்க்கும் ஆட்களும் உண்டு. நம் வண்டிக்கு வாய்ப்பது மாநகராட்சி தோண்டி மூடிய தெரு. ஸ்பிரிங் விற்க வருபவரிடம் வாசகர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இதற்குப் பொருந்திய ஷாக் அப்சார்பர் எது?' விடை தெரியாதவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதிருப்பதே நன்று.