மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ

என் மாமனார் அதிகம் பேசமாட்டார். முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராகவும் ஹெட்மாஸ்டராகவும் இருந்து, தன் பங்குக்கான வார்த்தைகளையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே செலவழித்துவிட்டதாக மாமியார் சொல்வார். வீட்டில் 'ம்', 'ம்ஹூம்', 'காபி' என்ற மூன்றே வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

அப்பேர்ப்பட்டவர், தன் சதாபிஷேகத்தன்று எல்லோரும் நமஸ்காரம் பண்ணி முடித்ததும், யாரும் கேட்காமலே எழுந்து நின்றார். "இந்த எண்பது வருஷத்துல நான் பண்ணின ஒரே புத்திசாலித்தனமான காரியம், இவளைக் கல்யாணம் பண்ணிண்டதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். சமையல்காரர்கூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

கேட்க வேண்டிய ஒரே ஆளுக்கு மட்டும் கேட்கவில்லை. மாமியாருக்கு இடது காது மந்தம். மனைவி வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பது சம்பிரதாயமாதலால், அந்த மந்தக் காதுதான் மாமனார் பக்கம். போதாததற்கு நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்துச் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி சொன்னார்?"

பெண்கள் சொன்னார்கள்.

"நீங்க சொல்றது இருக்கட்டும். வீடியோல அவர் குரல்லயே கேட்டுக்கறேன்."

பென்டிரைவ் வந்தது. மாமியார் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். திரையில் மாமனார் எழுந்தார். வாய் அசைந்தது. சத்தம் மட்டும், விசில் வருவதற்கு முன்னால் குக்கர் போடுமே, அந்த 'புஸ்ஸ்... கர்ர்ர்...' மாமனார் உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீடியோ தம்பியைக் கூப்பிட்டோம். நல்ல பையன். பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. "கலச அபிஷேகத்துல க்ளோஸ்அப் எடுக்கக் கிட்ட போனேன் சார். ரெண்டு சொம்பு காமிரா மேலயும் விழுந்துச்சு. லென்ஸைத் துடைச்சேன். மைக்கைத் துடைக்கணும்னு தோணலை."

தோணாது. லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கண்ணுக்குத் தெரியும். மைக்குக்குள் ஒரு குடம் போனாலும் யாருக்கும் தெரியாது. "திரையில பச்சைக் கோடு ஆடிட்டுதான் இருந்துச்சு" என்றான். ஆடும். 'கர்ர்'ருக்கும் அது ஆடும். பேச்சா, இரைச்சலா என்று சொல்லக்கூடியது ஹெட்போன் ஒன்றுதான். அது பைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் இரைச்சலைக் குறைத்துப் பார்த்தான். இரைச்சல் குறைந்தது. பதிவாகாத குரல் எங்கிருந்து வரும்?

சரி, காமிராவையாவது சரி பண்ணலாம் என்றால், சர்வீஸ் சென்டரில் முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதற்கு இன்னொரு சதாபிஷேகமே நடத்திவிடலாம். தம்பியோடு நானும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காமிராவைத் திறந்து, சட்டைப் பித்தான் சைஸில் இரண்டு தகர டப்பிகளை எடுத்துக் காட்டினார். லட்ச ரூபாய் காமிராவின் காது அவ்வளவுதான். எலெக்ட்ரெட் மைக் என்று பெயர். 1962-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் கண்டுபிடித்தது. மெல்லிய பிளாஸ்டிக் ஜவ்வில் மின்சாரத்தை ஒரு தடவை ஏற்றி வைத்தால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். பேசினால் ஜவ்வு அதிரும்; அதிர்வு மின்சாரமாக மாறும். உள்ளே ஈரம் இறங்கினால் பேச்சு போய் 'கர்ர்'தான்.

டப்பிக்கு ஒரு காபி விலைகூட இல்லை. "ஒண்ணுதானே போயிருக்கு?" என்றான் தம்பி. "ரெண்டையும் மாத்து. இல்லாட்டி ஒரு காது பெரிசு, ஒரு காது சின்னதுன்னு ஆயிடும்" என்றார். உடம்போடு ஒட்டியிருக்கும் கால்தான் எர்த் என்று பார்த்து, சட்சட்டென்று பற்ற வைத்தார். சூடு அதிகம் காட்டினால் புது மைக்கும் காலியாம். பழைய ரப்பர் உறையைத் துடைத்து மறுபடி மாட்டினார். அது இல்லாவிட்டால் காமிராவை நாம் தொடுகிற சத்தமெல்லாம் உள்ளே போகுமாம்.

கடைசியில் ஒன்று சொன்னார்: "ஜூம் பண்ணினா முகம்தான் கிட்ட வரும், குரல் வராது. நீ ரெண்டு மடங்கு தள்ளி நின்னா, நேரா வர்ற குரல் ஆறு டெசிபல் குறையும். காமிராவுல இருக்கிற மைக் மேளத்துக்கு. மனுஷனுக்குச் சட்டையில ஒண்ணு குத்து."

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இது பொருந்தும். வீடியோக்காரரிடம் ட்ரோன் உண்டா என்று விசாரிக்கிறீர்களே, ஹெட்போன் மாட்டிக்கொள்வாரா என்றும் கேளுங்கள்.

சாயங்காலம் காமிராவை ஊஞ்சலுக்கு எதிரே வைத்தோம். "மாமா, அன்னிக்குச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லிடுங்கோ" என்றேன்.

"ஒரு தடவை சொன்னா புரிஞ்சுக்கணும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

தம்பி விடவில்லை. ஹெட்போனை மாமியார் தலையில் மாட்டிவிட்டான். "மைக் டெஸ்ட்தான் சார். ஏதாவது பேசுங்க, போதும்."

மாமனார் காமிராவை முறைத்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"காபி நன்னாயிருக்கு."

ஐம்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

மாமியார் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சரியாக் கேக்கலையே. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

"இல்லியே மாமி, கோடு நல்லாத்தான்..." என்று தம்பி ஆரம்பித்தான். என் மனைவி அவன் காலை மிதித்தாள்.