கேட்கத் துணிந்தோமா?

"கைதிக்கு என்ன பரிவு?" என்பாரும் உண்டு. அவர்களுக்கு வாச்சாத்தி பதில் சொல்லும்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோமென்று தர்மபுரி மாவட்டத்து அந்த மலையடிவாரச் சிற்றூரில் புகுந்தது வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும். 18 பெண்கள் சீரழிக்கப்பட்டனர். பிறகு? சீரழித்தவன் வீட்டுக்குப் போனான். சீரழிக்கப்பட்டவள் சேலம் சிறைக்குப் போனாள்!

2011-இல் தர்மபுரி நீதிமன்றம், 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அதற்குள் 54 பேர் மாண்டிருந்தனர். 2023-இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. நீதி நடந்துவர முப்பத்தோராண்டு!

சிறைவாசலிலேயே, "உனக்கு என்னம்மா நேர்ந்தது?" என்று கேட்க வேண்டும், மருத்துவமும் மனத்தேறுதலும் தரவேண்டும், புகார் செய்யும் உரிமையைச் சொல்லவேண்டும். 2010-இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள் சொல்வது இதைத்தான். பெண்ணுக்கும் காவலில் உள்ளோர்க்கும் இலவச வழக்கறிஞர் என்கிறது நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டில் உள்ளது, கொட்டடியில் உண்டா?

பெரம்பூர்த் தோழர்களே! சில கல் தொலைவில்தான் புழல் பெண்கள் சிறை. நம் தெருப் பெண்ணொருத்தி கைதானால் வாய்க்கு வந்தபடி ஏசாதீர். அவள் வீட்டாரை அழைத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் குழுவின் கதவைத் தட்டுங்கள். அவள் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அவள் மனுஷி என்பதை நாம் சொல்வோம்!