வளவும் உறுதியும்: கேட்டால் எதைக் காட்டுவோம்?

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தலை நம்மில் பலர் இப்போது மறந்திருப்போம். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வரவேண்டும், இல்லாவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்பதே அதன் சாரம். அதற்குக் கையிலெடுத்தது 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குப் போடப்பட்டது, யூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாமும் ஆறுதலடைந்து வேறு அலுவல் பார்க்கப் போய்விட்டோம்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. இது உங்கள் காணி என்பதற்கு என்ன அத்தாட்சி?

வலிகாமத்துப் பழைய வளவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆறில்லாத ஊர். மாரியில் பெய்கிற மழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்குகிறது. அதை எடுக்கத்தான் கிணறு. இயந்திரம் வருமுன் துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தோட்டத்தில் தண்ணீர் மாற ஒருவர். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தன. கிணற்றைத் தனியொருவர் வைத்திருந்தது குறைவு. பங்குக் கிணறு, இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை. அதனால்தான் பழைய உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதப்பட்டன.

வேலியும் சும்மா வேலியல்ல. கிளுவை, பூவரசு, முள்முருங்கைக் கதியால்கள் எல்லையைக் காட்டின. அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் போனது. வருடா வருடம் அடைக்கும்போது வேலி அரை அடி நகர்ந்ததால் நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் எத்தனை! அந்த வழக்குக் கட்டுகளே இன்று சிலருக்கு உதவுகின்றன என்பது வேடிக்கைதான்.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தது. மகளுக்குச் சீதனமாக நான்கு பரப்பு, அவளுடைய மகளுக்கு அதில் இரண்டு பரப்பு என்று ஒரே வளவு தலைமுறைதோறும் சிறுத்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவர் பத்து ஏக்கர் வெறுங்காணி என்று காணும் இடத்தில், நமக்கு நாற்பது வீட்டுக் கதை இருக்கும்.

1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் உயர் பாதுகாப்பு வலயம். 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட பகுதிகளுக்குத் திரும்பியவர்கள் பலர், வீடு மட்டுமல்ல, வேலியும் ஒழுங்கையும் அழிந்து எல்லை தெரியாமல் நின்றார்கள். கிணறு தப்பியிருந்தால் அங்கிருந்து அடி அளந்து தங்கள் நிலத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் அரசை மட்டும் குற்றஞ்சொல்லி முடித்துவிட முடியாது. அப்பு பெயரில் இருக்கும் காணி இன்னும் பிரிக்கப்படாமல் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் ஐந்து சகோதரருக்கிடையே கிடக்கிறது. ஒருவர் கதைத்தால் மற்றவர் கோபிப்பார் என்று எல்லோரும் மௌனம். போர்க்காலத்தில் காணியை ஆளமுடியாமற் போனவர்களுக்கு, பத்தாண்டு ஆட்சியால் பிறர் உரிமை பெறுவதிலிருந்து பாதுகாப்புத் தர 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். அதையும் நம்மில் பலர் அறியாமலே கடந்துவிட்டோம்.

உறுதி தொலைந்திருந்தாலும் அதன் இலக்கம் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழியுண்டு. இலக்கமும் தெரியாவிட்டால் காணியின் பெயரும் நான்கு எல்லைக்காரர் பெயரும் வேண்டும். பெயரென்றால் வீதி இலக்கமல்ல. இன்ன கலட்டி, இன்ன புலம், இன்ன வளவு என்று உறுதியில் எழுதிய பெயர். அது இப்போது எண்பது வயது தாண்டிய ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கலாம். இந்த ஞாயிறு தொலைபேசி எடுக்கும்போது சுகம் விசாரித்த பிறகு அதையும் கேட்போம்: கிழக்கே யார், வடக்கே யார், கிணற்றில் நமக்கு எத்தனையில் ஒரு பங்கு?